வெள்ளிக்கிழமை மதியத்து விளம்பரம்

நான் ஒருவருடைய பெயரைத் திருடினேன். அவர் தொழுகைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் திருடினேன். அந்தத் திருட்டுக்காக வேறொருவன் திருடன் என்று பெயரெடுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுத எத்தனை வருடம்! பேனாவை எடுப்பேன்... இந்தக் கிருத்திகை போகட்டும் என்பேன். கிருத்திகை போகும், தைப்பூசம் போகட்டும் என்பேன். மகள் கல்யாணம் முடியட்டும், சம்பந்தி வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆவது என்பேன். கல்யாணமும் முடிந்தது. இனி எந்தச் சாக்கை நான் தேட?

நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாதவன் நான். இதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். தொழிற்சாலையில் மோட்டார் கருகிப்போனால், உள்ளே வெந்த செம்புக்கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றித் தரவேண்டும். பழவேற்காட்டு பஷீர் பாயும் நானும் ஒரே பட்டறையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சுற்றியவர்கள். அவர் பிறகு கும்மிடிப்பூண்டியில் சொந்தமாகக் கடை போட்டார். பெற்ற தாயின் பெயரையே கடைக்கு வைத்தார். நூர்ஜஹான் மோட்டார் ஒர்க்ஸ். கடை திறந்த அன்று பொன்னேரியிலிருந்து குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான்.

என் கண் கெட்டது. மெல்லிய கம்பி தெரியவில்லை. காக்களூரில் ஒரு முதலாளி, அவரும் மோட்டார் பட்டறைதான், என்னை ஆபீசில் உட்கார வைத்தார். டைப்பிங் தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் என் கைக்கு வந்தது.

அப்போதுதான் இந்த நெட் விளம்பரம் வந்த புதிது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஸ்டோர் ஆபீசர்கள் டைரியைப் புரட்டுவதை விட்டுவிட்டு நெட்டில் தேட ஆரம்பித்திருந்தார்கள். யாராவது 'மோட்டார் ரிப்பேர், கும்மிடிப்பூண்டி' என்று தட்டினால் எங்கள் விளம்பரம் மேலே வரவேண்டும். எந்தெந்தச் சொல்லுக்கு வரவேண்டும், எந்த நேரத்தில் வரவேண்டும், எந்த நேரத்தில் வரக்கூடாது... எல்லாவற்றையும் ஒரு முறை சொல்லி வைத்துவிட்டால் போதும், அது தானாகவே நடந்துகொள்ளும். கீவேர்டு ரூல் என்பார்கள். விழுந்து எழுந்து நானே கற்றுக்கொண்டேன்.

முதலாளி பக்தர். என்னைப் போலவே. எனக்கு முருகன், அவருக்கு ஏழுமலையான். அவர் போடச் சொன்ன முதல் ரூல் என்ன தெரியுமா?

"மணி, ராவு காலத்துல வர்ற பார்ட்டி டப்பு குடுக்கமாட்டான் நைனா. அந்த நேரத்துல நம்ம பேரு நெட்டுல வரக்கூடாது. மெசினுக்குச் சொல்லி வெச்சிரு."

சொல்லி வைத்தேன். காலண்டரைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிழமைக்கும் ராகு காலத்தைப் போட்டேன். அந்த நேரம் வந்தால் விளம்பரம் தானாக இறங்கும். போனால் தானாக ஏறும். வெள்ளைக்காரன் செய்த மெசின் நம் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்படுகிறதே என்று எனக்கு ஒரே பெருமை! நெற்றியில் விபூதியோடு அந்தத் திரையைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போட்டேன். நினைத்தால் அந்தக் கையை உடைக்கலாம் போலிருக்கிறது.

பெரும் பாவம் பெரிய யோசனையில் பிறக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அது இப்படித்தான் பிறந்தது. சாமிக்காக நேரம் பார்த்து விளம்பரத்தை நிறுத்தத் தெரிந்தவனுக்கு, சாமிக்காக இன்னொருவன் எழுந்து போகிற நேரம் பார்த்து அதை ஓட்டவும் தெரிந்துபோயிற்று.

முதலாளி ஒரு நாள் சொன்னார்: பி.ஏ. படித்த பையன் ஒருவன் வருகிறான், கம்ப்யூட்டரை அவனிடம் கொடுத்துவிட்டு நீ மறுபடியும் பட்டறைக்குள் போ. அப்படியே, போட்டிக் கடைகளின் பெயரையும் கீவேர்டாகப் போடலாமே, உனக்கு அதெல்லாம் தோணாது என்றும் சொன்னார்.

உனக்குத் தோணாது! அந்தச் சொல் என்னைத் தின்றது. கண் போனவன் பட்டறையில் என்ன செய்வேன் என்கிற பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தின்மேல் பழியைப் போடமாட்டேன். பயம் பாதிகூட இல்லை. 'இவனுக்கும் மூளை இருக்கிறது' என்று அந்த மனிதர் வாயால் கேட்கவேண்டும் என்ற வெறிதான்.

போட்டிக் கடைகளின் பெயரைப் போட்டேன். நூர்ஜஹான் பெயரையும் போட்டேன். முதலாளி சொன்னது அதுவரைதான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

சும்மா போட்டால் பலன் இல்லை. பஷீர் பாய் இரண்டாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிடுவார், அவரைக் கூப்பிடுகிறவன் நெட்டைத் தேடவேண்டிய அவசியமே வராது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம்? பாங்கு சொல்வதற்கு முன்பே செல்போனை அணைத்து மேல் பையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். அந்நேரம் எந்த மோட்டார் கருகினாலும் கருகட்டும், மனிதர் திரும்பமாட்டார். லைன் கிடைக்காதவன் நெட்டில் அவர் கடைப் பெயரைத்தான் தட்டுவான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா?

அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ரூல் போட்டேன். தேடுகிறவர் எந்தப் பெயரைத் தட்டுகிறாரோ அந்தப் பெயரே விளம்பரத்தின் தலைப்பாக வந்து நிற்க ஒரு வசதி உண்டு. அதையும் போட்டேன். 'நூர்ஜஹான் மோட்டார்' என்று தட்டினால் மேலே நூர்ஜஹான் மோட்டார் என்றே வரும். கீழே இருப்பது எங்கள் நம்பர். அதற்கென்று தனியாக ஒரு சிம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் உயிரோடு இருக்கும். மற்ற நேரம் என் மேசை டிராயரில் செத்துக் கிடக்கும். எங்கள் ஊர் ராகு காலம் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது பாருங்கள்... எனவே தெய்வக் குற்றமும் இல்லை!

மெசின்தானே செய்தது என்பீர்களா? கேளுங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை போன் அடித்தது. எதிர்ப்பக்கம் ஒரு இறால் கம்பெனியின் ஸ்டோர் ஆபீசர். "நூர்ஜஹானா?" என்றார். அவ்வளவுதான் கேள்வி. மெசின் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்த வாய்தான் சொன்னது.

"ஆமா சார். சொல்லுங்க."

அது நான் மீன், கறி என்று கவிச்சி எதையும் தொடாத நாள். காலையில் விளக்கேற்றி, கந்தனை வாயாரப் பாடிவிட்டு வந்த வாய் அது.

முதலாளி முதுகில் தட்டினார். "மூளக்காரன்டா நீ" என்றார். எதற்காக நான் ஏங்கினேனோ அது கிடைத்தது. பி.ஏ. பையனைப் பற்றிய பேச்சு நின்றது. இப்படிச் சில வெள்ளிக்கிழமைகள் போயின. எங்கள் வேன் கும்மிடிப்பூண்டிக்குப் போய் மோட்டாரை ஏற்றி வரும், வேலை முடித்து இறக்கிவிட்டு வரும். பில் கிடையாது, வெறும் துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயர் இருக்காது.

அந்த இறால் கம்பெனி மோட்டாரில் எங்கள் ஆட்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். காயிலுக்கு ஊற்றிய வார்னிஷ் காய்வதற்குள் மாட்டி அனுப்பிவிட்டார்கள். குளிர் அறைக்குள் ஓடுகிற மோட்டார் அது. போன வேகத்தில் மறுபடியும் கருகியது. உள்ளே இருந்த இறால் முழுவதும் நாறிப்போயிற்று.

ஸ்டோர் ஆபீசர் நேராக பஷீர் பாய் கடைக்குப் போனார். கடைத்தெருவே பார்க்கக் கத்தினாராம். பாய், இந்த மோட்டார் எங்களிடம் வரவே இல்லை என்று படைத்தவன்மேல் ஆணையிட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த ஆபீசர் போர்டைக் காட்டிக் கேட்டது: "பெத்தவ பேர மேல எழுதி மாட்டிக்கினு கீழ பொய் பேசுறியே, இன்னா மனுஷன்யா நீ?"

என் முகத்தில் துப்பியிருக்க வேண்டிய எச்சில். அது போய் அந்த அம்மாவின் பெயர்மேல் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஷீர் பாய் பொன்னேரிக்கு என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி நாஷ்டா கொடுத்தாள், தொடவில்லை. யாரோ தன் பெயரைச் சொல்லி வேலை பிடிக்கிறான், ஆபீசர் நம்பரை நெட்டில் எடுத்ததாகச் சொல்கிறார், அந்த நம்பருக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறது... "ஒரே பேஜாரா கீது மணி. உனுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

ரயிலடிப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு நானே அவரைக் கூட்டிப்போனேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். அவர் கண் முன்னால் நூர்ஜஹான் மோட்டார் என்று தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அல்லவா!

"பாத்தீங்களா பாய், ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் திரையருகே குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல அவர் உதடு அசைந்தது. பிறகு மெல்லச் சொன்னார், அந்த மோட்டாருக்கு ஆபீசர் போன் போட்டது வெள்ளிக்கிழமை மதியமாம். தான் பள்ளிவாசலுக்குப் போன நேரம். அந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் வருகிறவன் அன்சாரி.

அன்சாரி அவருடைய தங்கை பாத்திமாவின் கணவன். கடையில் அவருக்கு வலக்கை மாதிரி. அவன் சித்தப்பா மகனிடம் ஒரு வேன் இருந்தது. கோபத்தில் இருந்த பாய்க்கு இது போதாதா?

"நீ சொல்லு மணி. அவன் பண்ணுவானா?"

இதோ, இந்த இடம்தான். என்னை நீங்கள் எங்கே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கவேண்டுமென்றாலும் இங்கே நிறுத்திக் கேளுங்கள். பெயரைத் திருடியது ஒரு பக்கம் கிடக்கட்டும். 'பண்ணமாட்டான் பாய்' என்று இரண்டு சொல் சொல்ல என்னால் முடியாதா? என்னைக் காட்டிக்கொடுக்காமலே அவனைக் காப்பாற்றியிருக்கலாமே! அதுகூட...

"ஊட்டு மனுஷன் பாய். நான் இன்னாத்த சொல்றது" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். ஒரு பொய்கூட இல்லை! எவ்வளவு சுத்தமாகச் செய்தேன்!

அன்றே அன்சாரியிடமிருந்து கடைச் சாவி வாங்கப்பட்டது. வேலையாட்கள் முன்னால்தான். அவன் குர்ஆன்மேல் சத்தியம் செய்கிறேன் என்றானாம். வேதத்தை இதில் இழுக்காதே என்று பாய் கையை ஓங்கிவிட்டாராம். பாத்திமா புருஷன் பக்கம் நின்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள். நோன்புப் பெருநாளுக்கு ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் தங்கை, அதற்குப்பின் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. எந்தத் தாயின் பெயரை நான் தலைப்பாக்கினேனோ அந்தத் தாய், மகளைப் பார்க்காமல் மகன் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

நான் என்ன செய்தேன்? ரூலை அழித்தேன். சிம்மை ஒடித்துச் சாக்கடையில் போட்டேன். அதற்கு மட்டும் கை எவ்வளவு வேகமாக ஓடியது! முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டேன். பால்குடம் எடுத்தேன். கோயிலில் எல்லோரும் என் பக்தியைப் பார்த்தார்கள்... என் தலைமுடியை வாங்கிக்கொண்டு மீஞ்சூரில் ஒரு கதவைத் திறந்துவிட முருகன் என்ன என்னுடைய கூட்டாளியா? யாரிடம் செய்தேனோ அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை, சாமியிடம் மட்டும் ஓடி ஓடிச் சொன்னேன். திருப்பிக் கேள்வி கேட்காத இடமாகப் பார்த்துச் சொல்கிறவனுக்குப் பெயர் பக்தனா?

முதலாளியிடம் இதைச் சொன்னதற்கு, தொழில் என்றால் அப்படித்தான் நைனா, விட்டுத் தள்ளு என்றார். இன்றைக்கும் யாராவது 'வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்' என்று சொன்னால் எனக்கு ரத்தம் தலைக்கேறுகிறது. யாருக்குச் சகஜம்? சாவியைப் பிடுங்கியபோது நின்றானே, அவனுக்கா?

அந்த ஆபீஸ் வேலையும் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அந்த பி.ஏ. பையன் கடைசியில் வந்தே விட்டான். முதலாளி என்னை அனுப்பிவிட்டார். மூளைக்காரனை!

வேலை போனது தெரிந்ததும் பஷீர் பாய் ஆள் அனுப்பினார். போனேன். அன்சாரி உட்கார்ந்த ஸ்டூலைக் காட்டி, "உக்காரு. நம்பிக்கையான ஆளு எனக்கு வேற யாரு கீறாங்க" என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஓடியிருப்பீர்கள். மனிதனாகப் பிறந்தவன் எவனும் ஓடியிருப்பான். நான் உட்கார்ந்தேன்! வீட்டில் வளர்ந்த பெண் இருந்தாள், அடுப்பு எரியவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தேன்... இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். என் மகளின் கல்யாணச் சோறு அந்த ஸ்டூலிலிருந்து வந்தது.

அதோடு முடியவில்லை. முதல் வெள்ளிக்கிழமை. பாய் கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியை எடுத்தார். முன்பெல்லாம் போனை அணைத்துப் பையில் போடுகிறவர், அன்று அதை என் கையில் கொடுத்தார். இந்த நேரத்தில்தான் என் பேரை அடித்தார்கள், இனிமேல் இது உன்கிட்ட இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் அடித்தது. எடுத்தேன்.

"நூர்ஜஹானா?"

"ஆமா சார். சொல்லுங்க."

அதே நேரம். அதே வாய். அதே சொற்கள். இப்போது அது உண்மை! பொய்யாக இருந்தபோது தேன்போல் வழுக்கி வந்த சொல், உண்மையான பிறகு இழுத்தால்தான் வந்தது. பாய் தொழுதுவிட்டு அத்தர் வாசனையோடு திரும்பி வந்தார். யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது மனம். கூப்பிட்ட கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

ஒரு முறை சென்னையிலிருந்து திரும்பும்போது மின்சார ரயிலில் அன்சாரியைப் பார்த்தேன். மீஞ்சூரில் ஏதோ கிடங்கில் மூட்டை இறக்குகிறான். தோல் கறுத்து, ஆளே பாதி. ஒளிந்துகொள்ளத்தான் பார்த்தேன். அவன் என்னைக் கண்டுகொண்டு, எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்தான்.

"உக்காருண்ணே" என்றான். பாத்திமா எப்படி இருக்கிறாள் என்றேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே சொன்னான்: "அந்த விசயத்துல எம்மேல ஒரு வார்த்த சொல்லாதவரு நீங்க ஒருத்தருதான்ணே. அந்த ஸ்டூல்ல நீங்க உக்காந்தீங்கன்னு கேட்டதும் மனசு ஆறுச்சு. வேற எவனாச்சும்னா தாங்கிக்கினு இருக்கமாட்டேன்."

மீஞ்சூர் வந்தது, இறங்கிப் போய்விட்டான். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓர் உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு அது போதவில்லை. அவன் கொடுத்த இடத்திலேயே உட்கார்ந்து, பொன்னேரியில் இறங்காமல் கடைசி நிலையம் வரை போனேன். அவன் கொடுத்த இரண்டாவது இடம் அது.

என்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை எதில் கொட்டுவது என்று தெரியவில்லை. பாய்மேல்கூட ஆத்திரம் வருகிறது... ஏன் ஐயா என்னை இப்படி நம்பினீர்? ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போகுமுன் அந்த நம்பரை நீங்கள் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் நானே எடுத்திருப்பேனே! ஆனால் இறைவனை நோக்கி நடக்கிறவர் வழியில் நின்று திருடனைத் தேடமாட்டார். அந்தக் கணக்கில்தானே நான் ரூலே போட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் கொடுக்க அது உங்களுடையதும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் உங்களுக்கு யாரையாவது தெரிந்திருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அப்படியே காட்டுங்கள். பாவம், ஏழை, கண் தெரியாதவன், முதலாளி சொல்லித்தான் செய்தான், கம்ப்யூட்டர் செய்தது என்றெல்லாம் இடையில் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். கேட்கிறவருக்கு என்மேல் இரக்கம் வரும்படி ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். மாற்றினால் அன்சாரி மறுபடியும் எனக்காக எழுந்து இடம் கொடுத்துவிடுவான்.

நானே போய்ச் சொல்லாமல் உங்களை அனுப்புகிறேனே, பார்த்தீர்களா? இப்போதும் அடுத்தவர் பெயரில்தான் என் வேலை நடக்கிறது.

இன்று வியாழக்கிழமை. நாளை மதியம் பஷீர் பாய் கை கால் கழுவுவார், தொப்பியை எடுப்பார், போனை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவார். அது அடிக்கும்.